சாமியின் எட்டாவது முகம்

காலை ஆறு மணிக்குச் சாமிக்கு ஒரு முகம் குறைந்தது.

பூசாரி கேம்ராஜ் ஊதுவத்தியும் கையுமாகக் கல்மேடை ஏறினார். பல்லக்கின் முன்புறம் வரிசையாகக் கட்டியிருந்த வெள்ளி முகங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நடுவில் இருக்கவேண்டிய பெரிய முகத்தின் இடத்தில் இரண்டு சிவப்புக் கயிறுகள் தொங்கின. எண்ணிப் பார்த்தார். ஏழு. பயத்தோடு எண்ணினாலும் ஏழு ஏழுதான். ஊதுவத்தியைக் கீழே போட்டுவிட்டு அலறினார்.

தௌரா நாக் என்ற அந்த நாக சாமிக்கு, இமயமலையில் குல்லுப் பக்கத்து அந்தப் புல்வெளியில் அறை கிடையாது, கதவு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை சாமி மலையேறி வருவதே வானத்தைப் பார்க்கத்தான். மேலே ஒரு துணிகூடப் பிடிக்கக்கூடாது என்பது சாமியின் கட்டளை. ராத்திரிக்கு ஒரு ஆளைத் தவிர, காவலுக்கு இருப்பதெல்லாம் மேடையைச் சுற்றிப் பதித்த வெள்ளைக் கற்கள். கல்லுக்கு உள்ளே மேல்சாதிக்காரன் வெறுங்காலோடு வரலாம். கீழ்சாதிக்காரன் எந்தக் காலோடும் வரக்கூடாது. உலகத்திலேயே மலிவான பூட்டு அதுதான். இருநூறு வருஷமாகத் துருப்பிடிக்கவில்லை.

அலறல் கேட்டுப் புல்வெளி ஓரத்துக் காவல் குடிசையிலிருந்து ஹீரமணி இறங்கி வந்தாள். தேசியப் பூங்காவின் வனக்காவலர். பி.எஸ்ஸி. அவள் அப்பா இதே சாமிக்குக் கொம்பு ஊதியவர்; ஒருநாள்கூடக் கல்லைத் தாண்டாதவர். வரும் வழியில் பூங்காவின் பெரிய போர்டு நின்றது. 'இயற்கையும் பண்பாடும் கைகோக்கும் உலகப் பாரம்பரியம்.' கைகோக்கிறதாம். யார் கை, யார் கையோடு என்று போர்டில் எழுதவில்லை.

அவள் போய்ச் சேர்வதற்குள் திருடனைப் பிடித்துவிட்டார்கள்.

மேளக்காரன் லோத்தம் ராம் ஈரப் புல்லில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேளத்தின் வாரை அவிழ்த்து, அந்த வாராலேயே அவன் கைகளைக் கட்டியிருந்தார்கள். கட்டும்போது அவன் தோலில் தங்கள் விரல் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு அதனால்தான் அத்தனை கேவலமாக இருந்தது.

"யார் கட்டினது?" ஹீரமணி கேட்டாள்.

"நான்தான் கட்டச் சொன்னேன்." கர்தார் ஹுகம் சிங் முன்னால் வந்தார். மேல்சாதித் தாக்கூர்; கர்தார் என்ற பதவியில் சாமியின் நிலம், நகை, சடங்கு மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. வெள்ளை மீசை, குல்லுத் தொப்பி, கையில் தடி. "நீ போய் உன் மரத்தை எண்ணு பொண்ணே. இது சாமி விவகாரம்."

"மேடை இருக்கிறது பூங்கா எல்லைக்குள்ள, தாக்கூர் சாப். போலீஸ் ஏறி வர்றவரைக்கும் இங்க நடக்கிற எதுவும் என் விவகாரம்தான். இவர்தான் எடுத்தார்னு யார் சொன்னது?"

"ஜீவன் பார்த்திருக்கான்."

ஜீவன் கர்தாரின் தம்பி மகன். பல்லக்கு தூக்கும் இருவரில் ஒருவன். கீழே ஊரில் விருந்தினர் விடுதி நடத்துகிறான். நகரத்து ஆட்களைப் 'பாரம்பரிய நடை' என்று மேலே கூட்டி வருகிறான். சிரித்த முகம். பெயர் மறக்காதவன். எல்லாருக்கும் தேநீர் கொடுப்பவன். அப்போதும் தேநீர்தான் கொடுத்துக்கொண்டிருந்தான், தன் கூடாரத்து ஸ்டவ்வில் போட்டது. டெல்லிப் பக்கம் குர்காவிலிருந்து வந்திருந்த தம்பதிக்கு ஸ்டீல் டம்ளரில். ஹீரமணிக்குக் காகிதக் கோப்பையில்.

"குடி தங்கச்சி, குளிருது. பாதி ராத்திரிக்கு மேல என் காவல். விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி லோத்தம் கல்லுக்கு உள்ளே நின்னான். கண்ணால பார்த்தேன். ஏதோ தூக்கக்கலக்கம்னு நெனச்சிட்டேன். என் மேலயும் தப்புதான்."

தப்பை ஒத்துக்கொள்ளும்போதும் சிரித்தான். அவள் கோப்பையை வாங்கிப் புல்லில் வைத்தாள்.

"முகம் எங்க?"

தேடியாகிவிட்டது என்றார் பூசாரி. மேளக்காரர்களின் மூட்டைகளைத் தடியால் குத்திப் பிரித்து, தடியாலேயே புரட்டிப் பார்த்தார்கள். மேளத்தை உதைத்துப் பார்த்தார்கள். நகரத்துத் தம்பதி தங்கள் பைகளைத் தாங்களே கொட்டிக் காட்டினார்கள். தாக்கூர்களின் கூடாரம், அடுப்படி எல்லாம் பார்த்தாயிற்று. கீழே போகும் பாதை ஒன்றே ஒன்று. அது ஹீரமணியின் குடிசை வாசலைத் தொட்டுத்தான் போகிறது. அவள் நாய் ராத்திரி முழுக்க ஒரு குரல் கொடுக்கவில்லை.

"அப்போ முகம் புல்வெளியிலதான் இருக்கு" என்றாள் ஹீரமணி.

"எங்கயாவது புதைச்சிருப்பான்" என்றார் கர்தார். "போலீஸ் கேக்கிற விதத்துல கேட்டா சொல்லுவான். இப்போ எனக்கு அது பெரிசில்ல. சாமி தீட்டாயிடுச்சு! கீழேயிருந்து ஆடும் ஆத்துத் தண்ணியும் வரணும். தீட்டுக் கழிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் பல்லக்கைத் தொடக்கூடாது. சாமி அடுப்புல பொங்கினதை எவனும் வாயில வைக்கக்கூடாது. பச்சைத்தண்ணிகூடக் கூடாது. கேட்டுச்சா எல்லாருக்கும்?"

எல்லாருக்கும் கேட்டது. ஆடு வாங்க ஒருத்தனை மலை இறக்கி அனுப்பினார்கள். போலீசுக்கும் அவனே சொல்ல வேண்டும். திருட்டுக்கு முதலில் ஆடு, அப்புறம்தான் போலீஸ்.

ஹீரமணி லோத்தம் அருகில் உட்கார்ந்தாள்.

"மாமா, கல்லைத் தாண்டினீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? அந்தப் பல்லக்குக் கம்பத்துல என் பையன் சாஞ்சதுக்கே இந்தப் பெரியவர் தடியால கையை ஒடிச்சார். திங்கக்கிழமை குல்லு கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறேன். பார்த்தது நான் ஒருத்தன்தான். மத்தவன் எல்லாம் ஏற்கெனவே வாய் மாறிட்டான்."

"சாமி திருடன் சொல்ற சாட்சியை எவன் நம்புவான்."

"அதைத்தான் நானும் விடியக்காலம் பிடிச்சு யோசிச்சிட்டிருக்கேன்" என்றான் லோத்தம். "பையன் கை இன்னும் நேராகலை, ஹீரா."

அவள் கர்தாரைப் பார்த்தாள். காரணம் அவருக்குத்தான் இருக்கிறது, வண்டி வண்டியாக. போலீஸ் சாயங்காலம் வரும். வந்ததும் தாக்கூர் வீட்டுக் கூடாரத்தில் உட்காரும். யார் திருடன் என்பதைத் தேநீரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதுவரைதான் அவளுக்கு அவகாசம்.

பதினோரு மணிக்கு மழை வந்தது.

மலை மழை சொல்லிக்கொண்டு வராது. எல்லாரும் கூடாரங்களுக்கு ஓடினார்கள். சாமி மேடையில் தனியாக நின்றது. பல்லக்கின் இடுப்பிலிருந்து கீழே தொங்கும் பட்டுகள் காற்றில் படபடத்தன. வருஷத்துக்கு ஒரு பட்டு என்று பக்தர்கள் சாத்தியது, மடிப்பு மேல் மடிப்பாக. முதல் துளிகள் அதில் விழுந்தபோது ஜீவன் ஓடினான். செருப்பை உதறிவிட்டு, கல்லைத் தாண்டி, தோளிலிருந்த கம்பளிப் போர்வையை எடுத்துப் பல்லக்கின் பின்புறமாகப் போட்டு, இழுத்துச் சுற்றி, கயிற்றால் கட்டினான்.

"ஐயோ, தீட்டு! தொடாதேடா!" கூடாரத்திலிருந்து பூசாரி கத்தினார்.

"தீட்டு என்னோட போகட்டும் சாமி! நாக் நனையறதை என்னால பார்க்க முடியாது!"

பல்லக்கு தூக்கும் இன்னொருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கர்தார்கூட வாயைத் திறந்து மூடிக்கொண்டார். குர்காவ்காரி தன்வி மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு வெளியே வந்து அதைப் படம் பிடித்தாள். பிடித்து முடித்துக் காமிராவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். நனைந்த கோட்டு அவள் மேல் ஒட்டி, காமிராவின் ஒவ்வொரு பொத்தானும் வெளியே தெரிந்தது.

ஹீரமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தைப் பார்க்க வந்த சாமிக்கு எதற்குப் போர்வை?

மழை விட்டதும் அவள் கூடாரம் கூடாரமாகப் போனாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி.

"காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?"

பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சாமியோட முகம் காணோம்னா, சோத்தைப் பத்திக் கேக்கிறே?"

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. எச்சில்கூட முழுங்கலை. தீட்டுல எப்படித் திம்பேன்?"

பல்லக்குத் தூக்கியும், கொடி பிடிப்பவனும் அதையே சொன்னார்கள். சொன்னபோது வயிறு சத்தம் போட்டது, பொய்யில்லை.

கர்தார் கம்பளி மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

"தண்ணியாவது குடிச்சீங்களா?"

"எழுபத்தோரு வயசு எனக்கு. சாமி தீட்டா இருக்கும்போது தொண்டையை நனைச்சது கிடையாது. உங்க ஜனத்துக்கு அதெல்லாம் புரியாது."

"புரியுது. நல்லாவே புரியுது" என்றாள் ஹீரமணி. "லோத்தம்தான் உள்ளே வந்தார்னு நீங்க நிஜமாவே நம்பறீங்க."

"பின்னே?"

ஒரு பையனின் கையை ஒடித்த மனிதர். அவருக்காக அவள் மனதில் ஒரு துளி இரக்கம் கிடையாது. ஆனால் வெடித்த உதடு பொய் சொல்லவில்லை. முகத்தை எடுத்தது இவர் இல்லை.

கடைசியாகத் தன்வி. பாறைக்கு அடியில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புருஷன் பக்கத்தில் தூங்கினான்.

"சாப்பாடா? ஓ, அருமை! இங்க எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருக்காங்க, நாங்க பட்டினின்னு நெனச்சேன். ஜீவன்ஜிதான் பாவம், சாமிக்குப் போர்வை போர்த்திட்டு நேரா அந்தக் குகை மாதிரி அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனார். ராஜ்மா, செவப்பரிசிச் சோறு, நெய். சாமி அடுப்பாமே? ரொம்ப ஒரிஜினல்! அவரும் எங்களோடயே உக்காந்து கையாலயே சாப்பிட்டார்."

"எல்லாரும் கூடாரத்துக்குள்ள இருந்தப்போ?"

"ஆமா, செம மழை. யாரும் வெளிய தலை காட்டலை. ஏன், எதாவது தப்பா?"

"உங்க மேல தப்பில்லை. குளிச்சாரா?"

"யாரு?"

"ஜீவன். சாப்பிடறதுக்கு முன்னாடி ஓடைக்குப் போனாரா?"

"இந்தக் குளிர்லயா?" தன்வி சிரித்தாள். "நல்லா சாப்பிட்டுட்டுக் கையைத்தான் கழுவினார்."

ஹீரமணி எழுந்தாள். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. குடிசைக்குப் போய்த் தன் ஸ்டீல் டம்ளரில் தேநீர் ஊற்றி எடுத்து வந்தாள்.

"எல்லாரும் மேடைக்கு வாங்க. முகம் எங்கன்னு சொல்றேன்."

வந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் தாக்கூர்கள். இந்தப் பக்கம் மேளக்காரர்கள், லோத்தம், ஹீரமணி. தம்பதி எந்தப் பக்கம் என்று தெரியாமல் கல் மேலேயே நின்றார்கள்.

"ஜீவன் பாய், காலையில எனக்குத் தேத்தண்ணி கொடுத்தீங்க. இந்தாங்க, பதிலுக்கு."

ஜீவன் டம்ளரைப் பார்த்தான். "தீட்டு இருக்கே தங்கச்சி, எப்படிக் குடிப்பேன்?"

"ஒரு வாய்."

"வேணாம்னு சொல்றேன்ல."

"வாங்கிப் பிடிங்க, போதும்."

அவன் கை பாதி வந்து, அங்கேயே நின்று, சின்னப் பிள்ளையின் கை சுடுபாத்திரத்திலிருந்து திரும்புவதுபோலத் திரும்பியது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"சரி. அப்போ நீங்க தீட்டு பார்க்கிற ஆள்தான். அதை எல்லார் முன்னாடியும் தெரிஞ்சுக்கணும்னுதான். பின்னாடி 'நான் படிச்சவன், இதெல்லாம் நம்பமாட்டேன்'னு சொல்லக்கூடாது பாருங்க." அவள் டம்ளரிலிருந்து தானே ஒரு வாய் குடித்தாள். "லோத்தம் கல்லுக்குள்ள நின்னதைக் கண்ணால பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அது நிஜம்னா பல்லக்கு தீட்டு. அதை மழையில கட்டிப் பிடிச்சீங்க. அப்போ நீங்களும் தீட்டு. தீட்டோட நேரா சாமி அடுப்படிக்குள்ள போய், சாமிக்குப் பொங்கின சோத்தை எடுத்து, கையால தின்னீங்க. என் டம்ளரைத் தொட முடியாத கையால."

கூட்டத்தில் ஒருத்தன் "என்னது, அடுப்படிக்குள்ளயா?" என்றான்.

"பொய்!" என்றான் ஜீவன்.

"ராஜ்மா" என்றாள் தன்வி, உதவியாக. "நெய்கூட ஊத்தினாரே."

ஹீரமணி குரலை உயர்த்தவில்லை. "உங்க பெரியப்பா தண்ணி குடிக்கலை. பூசாரி எச்சில் முழுங்கலை. லோத்தம் உள்ளே வந்தார்னு நம்பினவன் எவனும் வாயில பருக்கை வைக்கலை. நீங்க ஒருத்தர்தான் சாப்பிட்டீங்க. ஏன்னா உங்களுக்குத்தான் தெரியும். சாமி தீட்டாகலை. ராத்திரி அதைத் தொட்டது ஒரே ஒரு கைதான். சுத்தமான தாக்கூர் கை."

கர்தார் மெல்லத் திரும்பினார். திருட்டுச் செய்தி கேட்டபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை.

"சாப்பிட்டியா?"

"பெரியப்பா, குளிரு..."

"சாமி அடுப்புல கையை வச்சியா?"

"எல்லாம் உங்களுக்காகத்தான்! திங்கக்கிழமை இவன் கூண்டுல ஏறினா நீங்க உள்ள போவீங்க. நம்ம வீட்டு மானம் என்னாகும்? நான் ஒண்ணும் சாமியை விக்கலையே! எங்கேயும் எடுத்துட்டுப் போகலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே புரிந்தது. பொய்யைக் காலையிலிருந்து சுமந்தவன், சோற்றுக்கும் குளிருக்கும் இறக்கி வைத்துவிட்டான்.

"ஆமா, எங்கேயும் எடுத்துட்டுப் போகலை" என்றாள் ஹீரமணி. "மூட்டையைத் தேடினீங்க, மேளத்தை உதைச்சீங்க, புல்லைக் கிளறினீங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் எவனும் கை வைக்கலை. தீட்டுன்னு கர்தாரே பூட்டு போட்டுட்டார். ஆடு வந்து, தீட்டுக் கழிஞ்சு, ஊருக்கு இறங்கின பிறகு பட்டு களையறது யார் வேலை?"

"பல்லக்குத் தூக்கறவங்க வேலை" என்றார் பூசாரி.

"அப்போ ஆற அமர எடுத்துக்கலாம். அதுக்கு நடுவுல மழை வரும்னு இவர் எதிர்பார்க்கலை. தாக்கூர் சாப், இந்தப் புல்வெளியில சாமிக்குப் போர்வை போர்த்தலாமா?"

கர்தார் பல்லக்கையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போர்வை அங்கேயே இருந்தால் வழக்கிலிருந்து தப்பிக்கலாம். அவருக்கு அது நன்றாகத் தெரியும் என்பது ஹீரமணிக்கும் தெரியும். மழையின் முதல் துளி அவர் தொப்பியில் விழுந்தது.

"போர்த்தக்கூடாது" என்றார். "எடுடா அதை."

"பெரியப்பா..."

"எடுடா நாயே!"

ஜீவன் கயிற்றை அவிழ்த்தான். போர்வை விழுந்தது. மழை பிடித்துக்கொண்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை; மடிப்பு மடிப்பாகப் பட்டு, அவ்வளவுதான். பின்புறப் பட்டு நனைந்தது. கனத்தது. ஒட்டியது. மூக்கு வந்தது. அப்புறம் புருவம். அப்புறம் இரண்டு கண்குழிகள். சிவப்புப் பட்டுக்கு அடியிலிருந்து தௌரா நாக்கின் எட்டாவது முகம் தன் பூசாரியைப் பார்த்தது.

பூசாரி சேற்றில் விழுந்து கும்பிட்டார். எல்லாரும் விழுந்தார்கள். தன்வி படம் பிடித்தாள்.

ஹீரமணி கும்பிடவில்லை. லோத்தத்தின் கைகளைப் பிடித்து, அந்தக் கேவலமான முடிச்சை அவிழ்த்தாள். மணிக்கட்டில் வார் பதிந்த தடம் கறுத்திருந்தது.

கர்தார் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. வீட்டு விஷயம், வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம். போலீசுக்கு நான் சொல்லிக்கிறேன். ஏ லோத்தம், மேளத்தை எடு. இருட்டறதுக்குள்ள சாமி இறங்கணும்."

மன்னிப்பு என்று ஒரு சொல் அவர்கள் பாஷையிலும் உண்டு. அதை அவர் சாமியிடம் மட்டும் செலவழிப்பார்.

லோத்தம் மேளத்தை எடுத்தான். உதை பட்ட இடத்தில் தோல் லேசாகக் கிழிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தான். கைகளைக் கட்டியிருந்த வாரை மறுபடி மேளத்தில் பூட்டி, முதுகில் மாட்டிக்கொண்டான்.

"மழையில தோல் கெட்டுடும் தாக்கூர்."

"மேளம் அடிக்காம பல்லக்கு எழும்பாதுடா! உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

"எனக்குத் திங்கக்கிழமை கோர்ட்டுல வேலை இருக்கு. அதுக்கு அப்புறம் பார்க்கலாம்." அவன் ஹீரமணியிடம் திரும்பினான். "நீயும் வர்றியா? போலீசு வழியிலயே எதிர்ப்படும். கூடாரத்துக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்."

அவள் டம்ளரை மழைத்தண்ணீரில் அலசிப் பைக்குள் போட்டாள். மற்ற மேளக்காரர்களும் கொம்புக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் நடந்தார்கள். போர்டைத் தாண்டும்போது யாரும் அதைப் படிக்கவில்லை.

மேடையில் ஆறு தாக்கூர்கள் பல்லக்கைச் சுற்றி நின்றார்கள். தூக்கத் தோள்கள் இருந்தன. அடிக்க ஆள் இல்லை. வானத்தைப் பார்க்க வந்த சாமி மழையில் நனைந்துகொண்டே பார்த்தது. ஏழு முகத்தால் வானத்தை, எட்டாவது முகத்தால், ஈரப் பட்டுக்கு அடியிலிருந்து, மூச்சு முட்டியவனைப்போல வாய் திறந்து, அந்த ஆறு பேரை.